பெரியம்மா நடந்த தரை

ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் பெரியம்மா வாங்கிய புது வீட்டுக்குப் போய்வந்த பிறகு, வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் சரியான வயிற்றெரிச்சல். அம்மாவுக்கு அந்தக் குசினியில், அடுப்படி முழுக்கப் பதித்திருந்த வெள்ளை டைல்ஸ் மேல். எனக்கு அதில் காலுறையோடு வழுக்கி வழுக்கி ஓடிய பெரியம்மாவின் மகள் மேல். மோர்னிங்சைட்டில் இருந்த எங்கள் வீட்டுக் குசினித் தரையில் கிடந்தது ஓரம் சுருண்ட பிளாஸ்டிக் விரிப்பு. அதில் வழுக்கப் பார்த்தால் காலுறைதான் கிழியும்.

அம்மாவின் கரைச்சல் தாங்காமல் அப்பா டைல்ஸ் வாங்கி வந்தார். பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் தரை பளபளக்க வேண்டும், அம்மாவுக்கு அது ஒன்றே போதும். அப்பாவோ டைல்ஸ் பெட்டியைத் திறக்கவே இல்லை. விரிப்பை உரித்தார். கீழேயிருந்த பலகையில் ஒட்டிய பசையைச் சுரண்டினார். தண்ணீர் ஊறிப் பழுதான துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பிளைவூட் வைத்தார். பிறகு மட்டக்கோலும் கையுமாக மேடு பள்ளம் பார்க்கத் தொடங்கினார்.

"இஞ்சாருங்கோ, டைல்ஸை ஒட்டுங்கோவன். கீழை கிடக்கிறதை ஆர் பாக்கப்போகினம்?" என்றார் அம்மா.

"பலகை அசைஞ்சா டைல் வெடிக்கும். பிறகு உம்மடை அக்காவுக்கு வெடிப்பைத்தான் காட்டவேணும்."



பெரியம்மா வந்தபோது குசினியில் வெறும் பலகைதான். எனக்கு அழுகை வந்தது. அம்மா தேத்தண்ணியைக் காட்டி அவரை ஹோலிலேயே இருத்தப் பார்த்தார். பெரியம்மா கேட்டால்தானே. நேரே குசினிக்குள் போய்க் கால் வைத்தார். பலகை கீச்சென்றது.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து என்னை நடக்கவிட்டு, பலகை எங்கே அசைகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். என் பாரத்துக்கு அது மூச்சுக்கூட விடவில்லை.

"அக்கா, அப்பிடியே நில்லுங்கோ," என்று அப்பா முழங்காலை ஊன்றி, அந்த இடத்தில் பென்சிலால் அடையாளமிட்டு, ஸ்குரூவை இறக்கினார். அம்மாவும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் குந்தி ஸ்குரூ எடுத்துக் கொடுத்தார்.

"உதிலை இல்லை, கீழை ஓடுற மரச்சட்டத்திலை பிடிக்கோணும்," என்று விரலால் காட்டினார் அம்மா.

"எனக்குத் தெரியும், நீர் கையை எடும்."

சண்டை பிடித்தபடியே இரண்டு பேரும் சிரித்தார்கள். பெரியம்மா வந்து நிற்பது அம்மாவுக்கு மறந்தே போயிற்று.

பெரியம்மா மூலைக்கு மூலை நடந்தார். கீச்சுச் சத்தம் எல்லாம் அடங்கிய பிறகும் நடந்தார். "இன்னும் எங்கை நடக்கோணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வழக்கமாகத் தேத்தண்ணி குடித்த கையோடு வெளிக்கிடுகிறவர், அன்று போகிற எண்ணமே இல்லாமல் நின்றார். எங்கள் அலங்கோலத்தை ஆற அமர ரசிக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரியப்பாவும் உங்கடை வீட்டிலை இப்பிடித்தான் செய்தவரோ?" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"ஆக்கள் வந்து ஒட்டிப்போட்டுப் போனவை. அவர் இன்னும் அதை வடிவாப் பாக்கவும் இல்லை," என்றார் பெரியம்மா. அவர் கண் என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் தலைமயிரில் கிடந்த மரத்தூளை அப்பா ஊதிக்கொண்டிருந்தார். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பாவுக்கே பிடிக்காத டைல்ஸ் என்று எனக்குச் சொல்லமுடியாத புளுகம்; உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். வெறும் பலகை கிடந்த எங்கள் குசினியில் நின்றும் ஒருவருக்குப் பொறாமை வரும் என்று எனக்கு அப்போது எங்கே தெரியும்.