ஊர்த்தெருவும் இடது பக்கக் கண்ணாடியும்

கார் வாங்கினால் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் உட்காரவும் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுவும் என் அப்பா.

பொன்னேரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஷோரூமில் வண்டியைக் கையில் கொடுத்த அன்று நான், அப்பா, அம்மா மூன்று பேரும் போயிருந்தோம். வெள்ளை வண்டி, மாலை போட்டு, ரிப்பன் கட்டி நின்றது. டை கட்டிய விற்பனைக்காரர் நேராக அப்பாவிடம் போய், "சார், இது ஸ்டார்ட் பட்டன், இது ஹெட்லைட்டு, இது வைப்பரு" என்று ஆரம்பித்துவிட்டார். அப்பா வாழ்நாளில் ஓட்டிய ஒரே வண்டி சைக்கிள். ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, வண்டி என் பேர்ல கீது. எனக்குச் சொல்லுங்க," என்றேன்.

"நீங்களா மேடம் ஓட்டப் போறீங்க?"

"இல்ல, எங்கம்மா."

அம்மா பதறிப்போய், "ஐயோ, நான் இல்லப்பா!" என்றாள். அந்த மனிதர் அசடு வழியச் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவுகளுக்கு ரப்பர் பீடிங் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. கதவைச் சுற்றி ஓடுமே, மழைத் தண்ணீர் உள்ளே வராமல், அதுதான். வெட்டு, கீறல், காற்றுக்குமிழி எதுவும் இல்லாமல் பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. எத்தனையோ ஆயிரம் கதவுகளுக்கு ரப்பர் பார்த்து அனுப்பியவளுக்குச் சொந்தமாக ஒரு கதவு கிடையாது. அதனால் வண்டியைத் திறந்ததும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, விரலை வைத்து ரப்பரை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எங்கள் கம்பெனியுடையது இல்லை, அது வேறு விஷயம்.

விற்பனைக்காரர் எனக்குச் சொன்னதில் பாதி சரி, பாதி வாய்க்கு வந்தது. நேராகப் போகும்போது நாலு லைட்டையும் மினுக்கவிட வேண்டும் என்றார். லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பிறகு புத்தகத்தைப் பார்த்தால், அது வண்டி நடுரோட்டில் நின்றுபோனால் போடுகிற விளக்காம். நல்லவேளை, படித்தேன்.

வழி சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குத் தார் ரோட்டிலிருந்து இறங்கினால் முதலில் ஊர்த்தெரு. அது முடிந்ததும் ஏரிக்கரை. ஏரிக்கரை தாண்டினால் நாங்கள் இருக்கிற காலனி. ஊர் என்றால் நிலம் வைத்திருப்பவர்கள் இருக்கிற இடம். காலனி என்றால் அந்த நிலத்தில் நாற்று நட்டு அறுத்துக் கொடுத்தவர்கள் இருக்கிற இடம். இப்போது காலனியில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறிப் போகிறோம். ஆனால் போக வர வழி அந்த ஒன்றுதான்.

அப்பாவின் இளமைக் காலத்தில் காலனிக்காரன் ஊர்த்தெருவில் சைக்கிளில் உட்கார்ந்து போகக்கூடாது. இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இன்று அந்தச் சட்டமெல்லாம் இல்லை. எங்கள் பையன்கள் ஒரே பைக்கில் மூன்று பேராக ஊர்த்தெருவில் பறக்கிறார்கள், யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் அப்பா மட்டும் இன்னும் இறங்குவார். அம்மன் கோயில் வேப்பமரம் வந்ததும் இறங்கி, ஏரிக்கரையில் மறுபடி ஏறுவார். சின்ன வயதில் கேரியரில் உட்கார்ந்து போகும்போது என்னையும் இறக்கிவிடுவார். அந்தத் தெரு மேடு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மேட்டில்தானே சைக்கிளைத் தள்ளுவார்கள்? காரணம் தெரிந்த நாளில் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அன்று வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். வேப்பமரம் கண்ணில் பட்டதும் அப்பா பக்கத்து சீட்டில் பெல்ட்டைக் கழற்றினார். உடனே வண்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது.

"பாத்தியா? வண்டிக்கே தெரியுது. எறங்கச் சொல்லுது," என்றார்.

"பெல்ட்டப் போடச் சொல்லுது நைனா!"

"நிறுத்தும்மா. நான் பின்னால நடந்து வரேன். நீங்க போய்க்கினே இருங்க."

"இன்னாத்துக்கு எறங்கணும்? யாரு சொன்னா?"

அப்பா ஓடுகிற வண்டியில் கதவுப் பிடியை இழுத்துக்கொண்டிருந்தார். பயந்து பிரேக்கை மிதித்தேன். நின்றதும் இறங்கிவிட்டார். நான் வாங்கிய காருக்குப் பின்னால் என் அப்பா நடந்து வருவதை நடுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

டீக்கடையில் நிலத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். அப்பா இளமை முழுக்க உழைத்தது அவர் வீட்டு வயலில்தான். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்கிற மாதிரி எனக்குக் கேட்கும்படி, "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரில கொட பிடிப்பானாம்," என்றார்.

எனக்கா வாய் சும்மா இருக்கும்? வண்டியை நிறுத்தி, கண்ணாடியை முழுக்க இறக்கி, "மழ அர்த்தராத்திரில பேஞ்சா அப்பதான் பிடிக்கணும்!" என்று சொல்லிவிட்டு கெத்தாகக் கிளம்பப் பார்த்தேன். இண்டிகேட்டர் போடுவதாக நினைத்துப் போட்டது வைப்பர். மழையில்லாத வெயிலில் அது காய்ந்த கண்ணாடியைக் கிறீச் கிறீச் என்று துடைத்தது. பதற்றத்தில் கிளட்சை விட, வண்டி குலுங்கி நின்றது. டீக்கடையே சிரித்தது. சிரிக்கட்டும். மறுபடி பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்து, வைப்பர் ஆடியபடியே வீடு போய்ச் சேர்ந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடிந்து வந்ததும் வேலை இதுதான். வாசலில் நிற்கிற வண்டியில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். வலது பக்கக் குச்சி இண்டிகேட்டர், இடது பக்கக் குச்சி வைப்பர். டிரைவிங் ஸ்கூலில் ஓட்டிய பழைய வண்டியில் சாவி போட்டுத் திருக வேண்டும், இதில் கிளட்சை முழுசாக மிதித்துக்கொண்டு பட்டனை அமுக்க வேண்டும். எதிரே வண்டி வந்தால் ஹெட்லைட்டை எப்படித் தாழ்த்துவது, கண்ணாடி ஆவி படிந்தால் காற்றை எங்கே திருப்புவது, டயர் பஞ்சரானால் ஜாக்கி எந்த மூலையில் இருக்கிறது, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேன். இனி ஒரு பயல் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று வைராக்கியம். அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து ஏசி ஓட்டையை முகத்துக்கு நேராகத் திருப்பக் கற்றுக்கொண்டாள். அதற்கு மேல் தனக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்றாள்.

அப்பா காலையும் மாலையும் வண்டியைத் துணியால் துடைப்பார். உள்ளே மட்டும் உட்கார மாட்டார்.

"இன்னும் யாருக்கு நைனா பயப்படற?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

"பயமெல்லாம் இல்ல. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எனக்கும் தெரியும். அந்த எடம் வந்தா காலு தானா எறங்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

துணியைப் பிழிந்து உதறிவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

மீஞ்சூரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. மூன்று பேரும் காரில்தான் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒரு யோசனை சொன்னாள். பின் கதவில் பிள்ளைகள் திறந்துவிடாமல் இருக்க ஒரு பூட்டு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் உள்ளே இருந்து திறக்க முடியாது என்று நான்தான் அவளுக்குக் காட்டியிருந்தேன். "உங்க நைனாவ பின்னால குந்தவெச்சி அத்தப் போட்டுடு. தெருவத் தாண்டினப்புறம் தொற," என்றாள்.

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனுஷனை அத்தனை வருஷம் இறங்கு என்று ஊர் சொன்னது. இப்போது உட்கார் என்று நான் பூட்டிவைப்பதா? அப்படியானால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? முடியாது என்றேன்.

அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முன் சீட்டில் உட்காரவைத்தேன். "உனக்கு ரெண்டே ரெண்டு தெரிஞ்சா போதும் நைனா. இது லாக்கு. ஓடும்போது தானா பூட்டிக்கும். பின்னால இழுத்தா தொறக்கும், முன்னால தள்ளுனா பூட்டும். இது கண்ணாடி. அமுத்துனா எறங்கும், தூக்குனா ஏறும்."

லாக்கை இழுத்துப் பார்த்தார். டக். தள்ளிப் பார்த்தார். டக். கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். எறங்கணும்னு தோணுச்சின்னா நீயே தொறந்து எறங்கு. நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, நீ எறங்கி நடந்தா நானும் வண்டிய நடுத்தெருவுல உட்டுட்டு உன்கூட நடப்பேன். வண்டி அங்கயே கெடக்கட்டும்."

"வம்பு புடிச்சவளே," என்றார். நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று அப்பா வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையும் போட்டு முன்னால் உட்கார்ந்தார். ஏரிக்கரை முடிகிற இடத்தில் பெல்ட்டைக் கழற்றினார். வண்டி கத்த ஆரம்பித்தது. நான் தடுக்கவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை.

ஆனால் தெரு நடுவில் நிற்க வேண்டியதாகிவிட்டது. நிலத்துக்காரர் வீட்டு வாசலில் ட்ராக்டர் டிரெய்லரோடு குறுக்காக நின்றது. வைக்கோல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் போகக்கூட இடம் இல்லை. ஒரு தடவை ஹாரன் அடித்தேன். ஒருவரும் நகரவில்லை. இன்னொரு தடவை அடித்தேன்.

நிலத்துக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக வந்து, அப்பா பக்கத்துக் கண்ணாடியில் விரலால் தட்டினார். கண்ணாடி மூடியிருந்தும் நன்றாகக் கேட்டது.

"இன்னாடா, உள்ளயே குந்திக்கினுகீற? எறங்கி வந்து ரெண்டு கட்டு தூக்கிப் போடு, வழி உடறேன்."

அவர் அப்பாவைவிடச் சின்னவர். அப்பா கட்டியிருந்தது கல்யாணத்துக்குப் போகிற வேட்டி என்று பார்த்தாலே தெரியும்.

பெல்ட் சத்தம் நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. அப்பாவின் கை கதவுக்குப் போனது. டக். லாக் திறந்துவிட்டது. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற நானும் என் பெல்ட்டைக் கழற்றினேன். பின்னால் அம்மா, "மாரியாத்தா" என்றாள்.

கதவு திறக்கவில்லை. அப்பாவின் கட்டைவிரல் லாக்கின் மேலேயே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, நிலத்துக்காரரையும் பார்க்கவில்லை. பிறகு அதை முன்னால் தள்ளினார்.

டக்.

அவரே பூட்டிவிட்டார். பெல்ட்டை எடுத்து மாட்டினார். நானும் கையைப் பின்னால் விட்டு என் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். வண்டியின் கத்தல் சட்டென்று நின்றது. கண்ணாடியை இறக்கும் பட்டனை அமுக்கினார். அது முழுக்க இறங்குகிறவரை விரலை எடுக்கவில்லை.

"கல்யாணத்துக்குப் போய்க்கினுகீறோம்," என்றார். குரல் நடுங்கியது, மறைக்க மாட்டேன். "நாழியாவுது. ட்ராக்டர கொஞ்சம் ஓரம் கட்டச் சொல்லுங்க."

நிலத்துக்காரர் கதவை விட்டு ஓரடி பின்னால் போனார். அவர் என்ன சொல்வார் என்று பார்த்திருந்த ட்ராக்டர்காரர் எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு எஞ்சினைப் போட்டார். டிரெய்லர் ஓரம் போனது. இந்தத் தடவை வலது பக்கக் குச்சிதான். இண்டிகேட்டர் சரியாக எரிந்தது.

வேண்டுமென்றே இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன். அப்பா முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீக்கடை போனது, கோயில் போனது, வேப்பமரம் போனது. எனக்குக் கண் கலங்கியது. ஓட்டும்போது துடைக்க முடியவில்லை.

தார் ரோடு ஏறினோம். வெயில் உள்ளே அடித்தது.

"ஏசியெல்லாம் வெளிய போவுது," என்றாள் அம்மா. "கண்ணாடிய ஏத்து. எப்படி ஏத்தறதுன்னு மறந்துபோச்சா?"

"தெரியும்," என்றார் அப்பா. "கெடக்கட்டும் உடு."