சிவப்பு விளக்கில் அணைந்த வண்டி

சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்கு விழுந்ததும் என் வண்டி ஒருமுறை குலுங்கி அணைந்தது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்தது. பின்னிருக்கையில் அப்பா, செயலிழந்த இடது கையை வலது கையால் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி அது. அவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து வாரம் மூன்று நாள் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். கை மீள முதல் மூன்று மாதம்தான் முக்கியம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். டாக்சிக்கு அப்பா சம்மதிக்கவில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முன்பின் தெரியாத ஒருவர் தம்மைத் தூக்கி உட்காரவைப்பதை அவரால் தாங்க முடியவில்லை.

வண்டி பழுது பார்ப்பவரை நாங்கள் ஃபோர்மன் என்போம். எங்கள் ஃபோர்மனுக்குப் பின்சந்தில் பட்டறை; எல்லாருக்கும் அவர் பாய். வண்டியின் குறைகளை எழுதிவைக்கும் என் குறிப்பேட்டைக் காட்டினேன்: நிற்கும்போது அணைகிறது, வேகத்தில் குறையில்லை, ஆக்சிலேட்டரை மிதித்தபடி இருந்தால் அணைவதில்லை.

“டாக்டருக்கே மருந்துச்சீட்டு எழுதுறீங்களே சார்” என்று சிரித்தார். ப்ளக்குகளை மாற்றினார். அடுத்த முறை கார்புரேட்டரைக் கழுவினார். பிறகு இக்னிஷன் காயிலை மாற்றினார். ஒவ்வொரு முறையும் வண்டி நாட்கணக்கில் அங்கே கிடந்தது. அப்பா வீட்டில் கிடந்தார்.

மூன்றாவது முறை வண்டியைக் கொடுக்கும் முன்பே முந்தைய ஆண்டுக் குறிப்பேட்டைப் புரட்டியிருந்தேன். அதே மூன்று வரிகள். அப்போது குறை ஈ.ஜி.ஆர். வால்வில் இருந்தது. எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் விடுகிற வால்வு அது. வண்டி நிற்கும்போது மூடியிருக்க வேண்டும்; கரி படிந்து திறந்தபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் திணறி அணைந்துவிடும். பாய் அன்று அதைச் சுத்தம் செய்யவில்லை. காப்பிக்கடைப் பால் டின்னின் தகரத்தை வெட்டி, வால்வுக்கு அடியில் வைத்துப் புகை போகும் வழியையே அடைத்துவிட்டார். அந்தச் சந்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள்.

“அதையே ஒருமுறை பாருங்க பாய்” என்றேன்.

“நானே அடைச்சது சார், அது எப்புடி தொறக்கும்? வேற எங்கயாச்சும் இருக்கும்லா.”

ஸ்பானர் அவர் கையில் இருந்தது. மேலும் வற்புறுத்தாமல் வண்டியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

நான்காவது முறை, கழற்றினால்தான் போவேன் என்று பட்டறையிலேயே நின்றேன். “பிடிவாதம்லா சாருக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினார். தகரத்தின் நடுவில் புகையின் சூட்டில் எரிந்து கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. மேலே வால்வு பழைய கரியோடு திறந்தே இருந்தது. பாய் தகரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தப்பு என்னுதுதான் சார்” என்றார். கரியைச் சுரண்டி, வால்வு தானாக மூடுகிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்து, புது கேஸ்கெட் வைத்து மாட்டினார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இன்றைய வண்டிகள் தம் குறையைத் தாமே விளக்கெரித்துச் சொல்லிவிடுகின்றன. அன்று அதைக் கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. இருபத்தொரு பயிற்சிகளில் பதின்மூன்று தவறின; மருத்துவர் சொன்ன மூன்று மாதமும் முடிந்திருந்தது. வீடு திரும்பும்போது ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் எஞ்சின் அணையாமல் சீராக ஓடியது. ஒவ்வொன்றிலும் எனக்கு எரிச்சல் கூடியது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து, வலது கையால் மட்டும் சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டிருந்தார்.

“வண்டி சரியாயிடுச்சுப்பா. நாளைக்குப் போவோம்.”

அவர் கடைசிப் பித்தானையும் மாட்டி முடித்தார்.

“எனக்கு ஒரு கையே பழகிப்போச்சுய்யா. நீ வேலைக்குப் போ.”