ஜீப் நின்ற இடத்து ஈரம்

எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். முன்னே சொல்ல வேண்டியது பின்னே வரும், சிலது மறந்தும் போகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே எழாது. அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். மூன்று கை மாறி எங்களிடம் வந்தது. செஞ்சியில் மலைக்குப் பின்பக்கம் இருக்கும் நிலங்களுக்கு ஆட்டோ போகாது. வழியெல்லாம் பாறையும் ஓடைமணலும்தான். அங்கே இவருடைய ஜீப் போகும். விடியற்காலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் அவர்களையும் மல்லாட்டை மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு திரும்புவார்.

ஏறும்போதே பெண்கள் ஜீப்பை என் சக்களத்தி என்று சொல்லி என்னைச் சீண்டுவார்கள்.

"யக்கா, உன் சக்களத்தி இன்னிக்கி ரொம்ப இருமுறா. வயசாவுதில்ல?"

"எனக்கு மட்டும் ஆவலியா? ஏறி ஒக்காருங்க" என்று அவர்தான் பதில் சொல்வார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ராத்திரி ஜீப் எங்கள் வாசலில்தான் நிற்கும். காலையில் இருட்டோடு அவர் கிளப்பிக்கொண்டு போன பிறகு நான் வாசல் பெருக்குவேன். பின்சக்கரம் நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். பழைய வண்டி ஒழுகாமல் இருக்குமா என்று நினைத்துக்கொள்வேன். ஒரு பிடி மண்ணைப் போட்டு அள்ளி எறிந்துவிட்டு, சாணி தெளித்துக் கோலம் போடுவேன். வாசலில் எண்ணெய்க் கறை இருந்தால் போகிற வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சாயங்காலம் அவர் வந்து நிறுத்தும்போது தரை மெழுகின மாதிரி இருக்கும். எத்தனை மாதம் இப்படிச் செய்தேனோ தெரியவில்லை. அவரிடம் சொல்ல வேண்டிய சங்கதி அது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் ஜீப்பை எஃப்சி காட்ட வேண்டி வந்தது. வண்டி ரோட்டில் ஓட லாயக்குத்தானா என்று அதிகாரி பார்த்து எழுதிக் கொடுப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெண் பார்க்க வருகிற நாள் மாதிரிதான் அதற்கும் ஏற்பாடு. சீட்டுக்குப் புது உறை, நம்பருக்குப் புது எழுத்து. முந்தின நாள் நான்கு சக்கரத்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். "கெழவிக்குக் கொலுசு போட்டாச்சு!" என்று பெண்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் பார்த்தேன். வலது பக்கப் பின்சக்கரத்தில் மட்டும் அடியில் பெயிண்ட் பொரிந்து, சுடுதண்ணீர் பட்ட தோல் மாதிரி உரிந்திருந்தது. உள்பக்கத்திலிருந்து ஈரம் இறங்கியிருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் பழைய புடவைத் துணியால் உள்ளேயும் வெளியேயும் துடைத்தேன். டப்பாவில் மீந்திருந்த பெயிண்டைத் தொட்டு உரிந்த இடத்தில் தடவினேன். கீழே கிடந்த ஈரத்தின்மேல் மண்ணைப் போட்டேன். அவருக்கு ஒத்தாசை செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி நல்ல மனிதர். அவசரப்படவில்லை. விளக்கு, ஹார்ன் எல்லாம் பார்த்தார். ஓட்டிக் காட்டச் சொல்லி, பிரேக் போடச் சொன்னார். நின்றது. பிறகு குனிந்து சக்கரத்துக்கு உள்ளே டார்ச் அடித்தார்.

"எங்கயாவது ஒழுகுதா?"

"மெக்கானிக்கும் அதத்தான் சார் கேட்டான். பிரேக் ஆயில் கொறையுது, கீழ ஒழுகுதா பாருண்ணேன்னான். நானும் டெய்லி பாக்குறேன் சார், எங்கூட்டு வாசல்லதான் நிக்குது. ஒரு சொட்டு கெடையாது. தரையில சோறு போட்டுத் துன்னலாம், அவ்ளோ சுத்தம்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த நேரமெல்லாம் தரை சுத்தமாகத்தான் இருந்தது. மெக்கானிக் அப்படிச் சொன்னான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நான் பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் சோற்றுப் பையோடு நின்றிருந்தேன். ஒழுகுதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றி அத்தனை ஆம்பிளைகள், நடுவில் அதிகாரி. வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு கடையில் போண்டா வாங்கிக் கொடுத்தார்.

"இன்னாமே, பேயறஞ்ச மாதிரி வர?"

"இல்லீங்க, பின்னாடி சக்கரத்துல..."

"சக்கரத்துல இன்னா? ஆபீசரே லைட் அடிச்சிப் பாத்து எழுதிக் குடுத்துட்டாரு. சக்களத்தியாச்சே, நீ கொற சொல்லாம இருப்பியா?"

சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். படித்தவர் பார்த்துச் சீல் வைத்திருக்கிறார், நான் என்ன கண்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த அதிகாரி நான் துடைத்து வைத்த சக்கரத்தைத்தான் பார்த்தார் என்று அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. மறுநாளும் ஈரம் இருந்தது. மறுநாளும் சாணி தெளித்தேன்.

இரண்டு மாதம் இருக்கும். பனமலைப் பக்கம் மூட்டை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையிலிருந்து இறங்கினார். பாரம் அதிகம் என்று பெண்களை இறக்கிவிட்டிருந்தார். அவர்கள் சரிவில் முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணன் பிரேக்க மிதிச்சி மிதிச்சிப் பாத்தாரு யக்கா. நிக்கல, ஓரம் போங்கடின்னு கத்தினாரு. எங்க மேல ஏத்தாம ஏரிப் பக்கம் ஒடிச்சிட்டாரு." ஏரியில் தண்ணீர் இல்லை, கல்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிர் தாங்கவில்லை.

சாவு வீட்டில் எல்லாரும் அந்த அதிகாரியைத் திட்டினார்கள். "எஃப்சி காட்டி ரெண்டு மாசம் ஆவல. இன்னாத்தப் பாத்து எழுதிக் குடுத்தாரு?" மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "நான் கேட்டனே யக்கா, ஒழுகலன்னாரே அண்ணன்." நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

வாசலுக்கு இன்றைக்கும் சாணி தெளிக்கிறேன். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது.

வண்டி தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஈரம் கறுப்பாக இல்லை. தண்ணீர் மாதிரி இருந்தது, விரலில் வழவழத்தது. பெயிண்டை உரிப்பது பிரேக் ஆயில்தானா, வேறு எண்ணெயும் உரிக்குமா? வலது சக்கரம் என்று எழுதிவிட்டேன். முருங்கைமரத்துப் பக்கம் என்பது நிச்சயம், வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பதுதான் மறந்துவிட்டது. இரண்டு மாதம் என்பதை எஃப்சி தாளில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். துடைத்த துணி மாட்டுக் கொட்டகையில் இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மாற்றிச் சொல்ல வேண்டாம். உள்ளது எதுவோ அதைச் சொல்லுங்கள்.