நாசி கண்டாருக்குப் பட்டன் வைத்த கதை

ப்ரோகிராம் எழுதிப் பிழைப்பவன் பாடும் கல்யாண வீட்டுச் சமையல்காரன் பாடும் ஒன்றுதான். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் எல்லாருக்கும் உப்பு ஞாபகம் வரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளே, என் பாட்டைக் கேட்டுக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

லீவுக்கு ஒரு முகம்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் காதர் அண்ணனுக்குச் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை. பத்து காவான் என்ற ஊரின் பேக்டரிகளுக்கு மதியப் பொட்டலம் அங்கிருந்துதான் போகும். ஆர்டரை அடுப்படிக்கு அனுப்ப நான்தான் முன்பு ஒரு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மௌஸுக்கு வேலையே கிடையாது. கட்டளையைத் தட்டினால் அடுப்படி பிரிண்டரில் சீட்டு வந்து விழும். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் கடையில் கணக்கெழுதும் கிராணி தெரேசா அக்கா.

அக்காவின் மகளுக்கு ஜொகூரில் தலைப்பிரசவம். லீவு கேட்டால் அண்ணன் கையைப் பிசைகிறார். கேஷியர் ரபீக் என் வயசுக்காரன்தான், ஆனால் கறுப்புத் திரையைக் கண்டாலே அவனுக்கு வேர்த்து ஊற்றும். "பட்டன், படம் எல்லாம் போட்டு அதுக்கு ஒரு முகம் வச்சுக் குடு. ரபீக் பழகிட்டா அக்கா போகட்டும்" என்று அண்ணன் தீர்ப்பு சொன்னார். அக்கா என்னைத் தனியாகப் பிடித்தார். "தம்பி, பேரப்பிள்ளை வரும்போது நான் அங்க இல்லேன்னா, உன்னை மாதாகிட்டயே சொல்லிக் குடுத்துருவேன்லா!"

ஒரே ஒரு குழம்பு

முதல் திரையைப் பெருமையாகக் கொண்டு போனேன். மீன், கோழி, இறைச்சி, பருப்பு என்று ஒவ்வொரு குழம்புக்கும் பக்கத்தில் ஒரு வட்டம். ஒன்றைத் தொட்டால் மற்றது அணைந்துவிடும். பினாங்குச் சோறு தின்று வளர்ந்த கழுதை நான், எனக்கு அது உறைக்கவில்லை பாருங்கள்! எல்லாக் குழம்பையும் கலந்து சோறு மூழ்க ஊற்றுவதை இங்கே 'பாஞ்சிர்' என்போம். அதைக் கேட்காத வாய் இந்த ஊரில் இல்லை.

அண்ணன் மீனைத் தொட்டார். கோழியைத் தொட்டதும் மீன் அணைந்தது. மறுபடி மீன், கோழி போச்சு. முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. "டேய் தம்பி, ஒரே குழம்பு ஊத்துறது ஆஸ்பத்திரியிலடா!"

சிவப்புப் பட்டன்

வட்டங்களைத் தூக்கிவிட்டு, 'பாஞ்சிர்' என்று உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டன் வைத்தேன். அடுத்த சண்டை ரத்து செய்யும் பட்டனுக்கு. 'வேண்டாம்' என்று சிவப்பில் எழுதியிருந்தேன். கல்லாப் பக்கத்தில் அந்த வார்த்தை இருந்தால் வியாபாரம் விளங்குமா என்று அண்ணன் குதித்தார். தொண்டைத் தண்ணி வற்ற வாதாடிவிட்டு, கடைசியில் அதற்கு 'அப்புறம் பார்ப்போம்' என்று பெயர் வைத்தோம். தொட்டால் ஆர்டர் அடியோடு அழிந்துவிடும்.

ரபீக் குழம்புவான் என்று பயந்தேன். அவனுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. பின்னாலிருந்து அக்காதான் வாயைத் திறந்தார். "என் லீவுக்கும் இத்தனை நாளா இந்தப் பட்டனைத்தானே அமுக்கினீங்க, பாஸ்!"

அனுப்பலாமா?

ஒருவழியாக ரபீக் பழகினான், அக்கா பஸ் ஏறினார். மறுநாளே வம்பு. ஆர்டரை அனுப்புமுன் திரை "அனுப்பலாமா?" என்று கேட்கும், 'ஆமாம்' என்பதைத் தொட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தக் கடையில் அக்கா "போடு!" என்று குரல் கொடுக்காமல் ஒரு பொட்டலமும் கட்டியதில்லை. கம்ப்யூட்டரே இவ்வளவு மரியாதையாக அனுமதி கேட்கும்போது நாம் யார் பதில் சொல்ல என்று ரபீக் ஜொகூருக்கு வீடியோ கால் போட்டுவிட்டான். ஒவ்வொரு ஆர்டருக்கும்.

பிரசவ வார்டு வாசலில் செபமாலையும் கையுமாக நின்ற அக்கா எனக்குப் போன் செய்தார். "உள்ள மக கத்துறா, போன்ல ரபீக் கத்துறான். நான் யாருக்கு 'முக்கு'ன்னு சொல்றது, யாருக்குப் 'போடு'ன்னு சொல்றது?"

போடு!

நான் படித்த படிப்பையெல்லாம் ஓரமாக வைத்தேன். "அக்கா, ஒரே ஒரு தடவை 'போடு'ன்னு சொல்லிப் பதிவு செஞ்சு அனுப்புங்க" என்றேன். அன்று மத்தியானமே வந்தது. "போடு தம்பி!" என்ற குரலுக்குப் பின்னால், வீல் என்று ஓர் அழுகை. பேத்தி அப்போதுதான் பிறந்திருக்கிறாள், அக்கா பக்கத்திலேயே இருந்திருக்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது, அழுகையை வெட்ட மனசு வரவில்லை. "அனுப்பலாமா?"வைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தக் குரலை அப்படியே பட்டனில் மாட்டினேன். ரபீக் தொடுவான், அக்கா கத்துவார், குழந்தை அழும், சீட்டு விழும். அதற்குப் பிறகு ஜொகூருக்கு ஒரு கால்கூடப் போகவில்லை.

அக்கா திரும்பி வந்ததும் அந்தச் சத்தத்தை எடுக்கப் போனேன். காதர் அண்ணன் ஓடி வந்து மௌஸைப் பிடுங்கிக்கொண்டார். "விடுலா தம்பி, பாப்பா அழுதாத்தான் இப்ப சமையல்காரனுக்குக் கையே ஓடுது!"

கறுப்புத் திரைக்கு முகம் வைக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள், நான் வைத்துவிட்டு வந்ததோ வாய்.