இலை நிறையச் சோறு

எங்கள் கல்லூரி வாசலில் பெரிய போர்டு ஒன்று நிற்கிறது. அதில் ஒரு போட்டோ. தான்சானியாவிலிருந்து படிக்க வந்த பிள்ளை என் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் நான், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. கீழே 'உலகம் கூடும் வளாகம்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் கல்லூரி வேன் ஓட்டுகிறேன். தினமும் அந்தப் போர்டைத் தாண்டித்தான் வண்டியை உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

வெளிநாட்டுப் பிள்ளைகளும் இங்கே வந்து படிக்க வேண்டும், நம் பிள்ளைகள் அவர்களோடு பழக வேண்டும் என்று முதல்வர் ஐயாவுக்கு ஆசை. பின்னலாடை படிப்புக்கு முதலில் வந்தது இந்தப் பிள்ளைதான். கோயமுத்தூர் விமான நிலையத்திலிருந்து நான்தான் கூட்டி வந்தேன். எல்லாப் பெண்பிள்ளைகளையும் போல இதையும் அம்மணி என்றே கூப்பிட்டேன். கொஞ்ச நாளில் எங்கள் பேச்சு அதற்கு வந்துவிட்டது. "ஏனுங்ண்ணா, வண்டி லேட்டுங்களா?" என்று கேட்கும். "நம்மளவிட மரியாதையாப் பேசுறா பாருடி" என்று வேனில் சிரிப்பார்கள். சிரிப்பதோடு சரி. அம்மணியின் பக்கத்து சீட்டு காலியாகத்தான் வரும்.

தீபாவளி வந்தால் திருப்பூர் காலி. கம்பெனிகளுக்கு லீவு. வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். விடுதி மெஸ்ஸும் பூட்டிவிடும். "லீவுல எங்க சாப்புடுவீங்க அம்மணி?" என்று கேட்டேன். "தெரியலீங்ண்ணா" என்றது. "நம்மூட்டுக்கு வாங்க. மெஸ் தொறக்கற வரைக்கும் அங்கயே சாப்புட்டுக்கலாம்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். விஷயம் கேள்விப்பட்ட முதல்வர் ஐயா, "ரொம்ப நல்லதுங்க. ஒரு போட்டோ மட்டும் எடுத்து அனுப்பீருங்க" என்றார்.

அம்மணி தீபாவளியன்று வந்தது, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. வீட்டுக்காரி கறிக்குழம்பும் வறுவலும் செய்து வைத்திருந்தாள். இலை போட்டு எல்லாம் வைத்தாள். அம்மணி கை கழுவி உட்கார்ந்தது. போட்டோவுக்காகக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எங்களுடையது லைன் வீடு. ஒருவர் வந்தால் எல்லோரும் வந்துவிடுவார்கள். வந்தார்கள். "கொழந்தையக் கொஞ்சம் மடியில வெச்சுக்குங்க, ஒரு செல்பி." "கையில சாப்புடத் தெரியுமாமா இதுக்கு?" ஒருத்தி சடையைப் பிடித்து இழுத்தே பார்த்தாள். "நெச முடிதானுங்களா?" அம்மணி சோற்றில் கை வைக்கப் போகும்போதெல்லாம், "அப்படியே இருங்க, இன்னொண்ணு" என்றார்கள். அது என்னைப் பார்த்தது. நான் சிரித்தேன். என் வீட்டுக்கு இப்படி ஒரு கூட்டம் வந்ததில் எனக்குப் பெருமை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

குழம்பு ஆறி எண்ணெய் படிந்தது. அம்மணி இலையை மூடாமலே எழுந்துவிட்டது. "ஐயோ, ஒரு வாய்கூடச் சாப்புடலியே கண்ணு!" என்று வீட்டுக்காரி பதறினாள். "வயிறு நெறஞ்சிருச்சுங்க்கா" என்றது. முகம் கோணவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

மறுநாள் கூப்பிடப் போனேன். "சாப்புட்டேனுங்ண்ணா" என்றது. அடுத்த நாளும் அதே பதில். "பன்னும் பழமுந்தானுங்க திங்குது" என்றார் விடுதி வாட்ச்மேன். வீட்டுக்காரி தூக்குப்போசியில் சோறு கொடுத்தனுப்பினாள். வாங்கிக்கொண்டது. போசி பளிச்சென்று கழுவித் திரும்பி வந்தது. அம்மணி மட்டும் எங்கள் வீட்டுக்கு அப்புறம் வரவேயில்லை. படிப்பு முடிந்து ஊருக்குப் போன அன்றும் நான்தான் வண்டி ஓட்டினேன். பெட்டியை இறக்கி வைத்தேன். "எங்கூருப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்ண்ணா" என்றது. தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

இப்போது நாலைந்து நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். போன வாரம், மகளைச் சேர்க்க வந்த உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் போர்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"போட்டோவுல இருக்கறது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"எல நெறைய வெச்சிருக்கீங்க. ஆராரோ வீட்டுப் புள்ளைய இப்படிக் கவனிக்கறீங்கன்னா, எம்புள்ளைய தெகிரியமா உட்டுட்டுப் போலாமுங்க."

ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த இலையைப் பார்த்தேன். நிறையத்தான் இருந்தது.