ஆயிரத்துக்கு ஆயிரம்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் கம்பெனியில் ‘தொடாதே’ என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோரும் ‘சார்’ என்பார்கள். அவர் வாசலைத் தாண்டியதும் ‘தொடாதே போயாச்சா?’ என்று கேட்பார்கள். பட்டப்பெயரை அவரேதான் தேடிக்கொண்டார். சோதனை அறையில் அவர் கண்ணில் பட்ட ஒவ்வொரு பொருளிலும் மஞ்சள் தாளில் ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டியிருப்பார். மோட்டார் மேடையில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, அவர் நாற்காலியின் முதுகில் ஒன்று. வீட்டிலும் இதே கூத்துதான். டிவி ரிமோட்டில் ஒட்டியிருப்பதை நானே பார்த்தேன். அக்கா மேல்தான் இன்னும் ஒட்டவில்லை.

நான் அதே அறையில் டெக்னீஷியன். மோட்டாரை மேடையில் ஏற்றி, வயர் போட்டு, அளவெடுப்பது என் வேலை. கம்பெனியில் அவரை நான் ‘சார்’ என்று கூப்பிட வேண்டும், வீட்டுக்கு வந்தால் ‘மாமா’. இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வேன்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுத வேண்டிய தேவையே இல்லை, வாரத்துக்கு ஒரு முறை அவரே சொல்லிவிடுவார். அவர் அப்பா ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் மாமா ஏழு வயதிலேயே தனியாக ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றினாராம். கல்யாணமான புதிதில் ஏழு என்றுதான் சொன்னார். பிறகு ஆறானது, இப்போது ஐந்து. இன்னும் கொஞ்ச நாள் போனால் தொட்டிலில் கிடந்தபடியே சுற்றியிருப்பார். காலேஜில் மூன்றாவதாக வந்தார். முன்னால் வந்த இரண்டு பேரும் மனப்பாடம் செய்து எழுதினவர்கள் என்பதால் அவர்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். மாமா தளும்பாத நாளை நான் பார்த்ததில்லை.

கல்யாணப் பேச்சுக்கு முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அக்காவைப் பார்த்த நேரத்தைவிடக் கூடத்து ஃபேனைப் பார்த்த நேரம் அதிகம். பேரிங் போய்விட்டது, மூன்று மாதம்கூடத் தாங்காது என்றார். அப்பா அடுத்த வாரமே அதைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினார். கழற்றியதை நான் என் அறையில் மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. இதை அப்பாவிடம் சொன்னால், “மாப்பிள்ளை சொன்னார்னா ஏதாவது காரணம் இருக்கும்” என்பார். நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாலும் அந்த வீட்டில் அது காற்றோடு போகும்.

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். எங்கள் வீடு தெருவைவிட உயரத்தில் இருப்பதால் வாசலிலிருந்து ஒரு சரிவுப் பாதை போட்டிருக்கிறோம். கொஞ்சம் செங்குத்தான சரிவு. தினமும் காலையில் அவரைக் கீழே இறக்குவதும், சாயங்காலம் மேலே தள்ளுவதும் நான். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறின மனுஷன், மகள் தள்ளி ஏறுவதை நினைத்துக் கூசிப் போய் அந்த நேரத்தில் மட்டும் பேசவே மாட்டார்.

இனி மோட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், மாமா மாதிரிச் சொல்ல மாட்டேன். நாங்கள் செய்யும் மோட்டாரில் நடுவே சுழலும் பாகத்தில் காந்தமும் கிடையாது, கம்பிச்சுற்றும் கிடையாது. பல் பல்லாக வெட்டிய வெறும் இரும்பு. அதைச் சுற்றி மூன்று ஜோடிச் சுருள்கள் நிற்கும். மின்சாரத்தை ஒவ்வொன்றுக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால் அவை இரும்புப் பல்லை இழுத்துச் சுழற்றும். பல் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் முதலில் எந்தச் சுருளுக்குக் கொடுப்பது என்று தெரியும். தப்பான சுருளுக்குக் கொடுத்தால் பின்பக்கம் உதைக்கும். அதனால் வழக்கமாக அச்சின் முனையில் ஒரு சென்சார் மாட்டுவார்கள். தூசி, தண்ணீர் பட்டால் அது கெட்டுவிடும் என்பது உண்மை. மாமாவுக்கு அதைப் பிடிக்காததற்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு. சென்சார் அவரைக் கேட்காமல் உண்மையைச் சொல்லிவிடும்.

சென்சார் இல்லாமலே பல் நிற்கும் இடத்தைச் சொல்வதுதான் அவருடைய புரோகிராம். மோட்டார் நிற்கும்போது மூன்று சுருளுக்கும் அச்சு அசையாத அளவுக்குத் துளி மின்சாரம் அனுப்ப வேண்டும். எந்தச் சுருளுக்கு நேராகப் பல் நிற்கிறதோ அதில் மின்சாரம் மெதுவாக ஏறும், எதிரே வெற்றிடம் இருந்தால் சட்டென்று ஏறும். மூன்றையும் ஒப்பிட்டால் பல் நிற்கும் இடம் கிடைத்துவிடும். ஓடத் தொடங்கிய பிறகு வேறு கணக்கு, அதில் சிக்கல் இல்லை. யோசனை நல்ல யோசனைதான். உலகத்தில் பல பேர் பல வருடமாகச் செய்வதுதான். அந்த ஒரு தகவலை மட்டும் மாமா யாரிடமும் சொல்வதில்லை.

போன வருடம் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கும் சோதனை வைத்தார். தானாகக் கிளம்பும், பத்து விநாடி ஓடும், நிற்கும், மறுபடி கிளம்பும். ஒவ்வொரு தடவை நின்றதும் அச்சு அலங்கோலமாக ஆடக் கூடாது என்று முதல் சுருளை ஒரு விநாடி இழுத்துப் பிடிக்கச் சொல்லியிருந்தார். மோட்டார்கூட அவர் முன்னால் அட்டென்ஷனில் நிற்க வேண்டும். சோதனை முடியும்வரை யாரும் மேடைப் பக்கம் போகக் கூடாது என்று மஞ்சள் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் தாள். முடிவு வந்தது. ஆயிரத்துக்கு ஆயிரமும் சரி. ஒரு தடவைகூடப் பின்னால் உதைக்கவில்லை. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தன் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டார்.

முதலாளி வந்து பார்த்துவிட்டு, இந்த மோட்டாரைச் சக்கர நாற்காலியில் வைக்கலாம், முதலில் நாற்பது செய்யுங்கள் என்றார். மாமா உடனே, முதல் நாற்காலி என் மாமனாருக்கு என்று அறிவித்துவிட்டார். சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசலில், முதலாளி முன்னிலையில், போட்டோ எடுத்து, அப்பா அந்தச் சரிவில் தானே ஏற வேண்டும். அப்பா தெருவில் போகிறவர்கள் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அக்கா புதுத் திரைச்சீலை வாங்கினாள்.

புதன்கிழமை மத்தியானம் மேடையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. முதல் சுருள் இழுத்துப் பிடிக்க வழியில்லாமல் மோட்டார் தன் பாட்டுக்கு எங்கேயோ நின்றது. கரண்ட் வந்து ஓட்டியதும் ‘டங்’கென்று பின்னால் உதைத்தது. மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“கரண்ட் வந்த வேகத்துல ஒரு அதிர்ச்சி, அவ்ளோதான். நீ எதையாவது தொட்டியா?”

“தொடல சார். நிக்கிற இடம் மாறியிருக்கு, அதான்...”

“ஆயிரத்துக்கு ஆயிரம். உனக்கு இன்னும் என்ன வேணும்?” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆயிரம் தடவையும் முதல் சுருள் அந்தப் பல்லை இழுத்துத் தனக்கு நேராக நிறுத்திக்கொடுத்திருக்கிறது. ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து ‘அங்கேதான் நிற்கிறது’ என்று ஆயிரம் தடவை சொல்ல எதற்குப் புரோகிராம்? மஞ்சள் தாளைப் பிய்த்துப் போட்டுவிட்டு அச்சைக் கையால் திருப்பி இருபது இடங்களில் வைத்துப் பார்த்தேன். பதினான்கு தப்பு. நாற்காலியில் அப்படி இழுத்துப் பிடிக்கும் ஏற்பாடு கிடையாது. சனிக்கிழமை என் அப்பா அந்தச் சரிவின் நடுவில் நின்று கிளப்பினால் நாற்காலி பின்னால் பாயும், ஒற்றைக் காலோடு தலைகீழாக விழுவார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. பன்னிரண்டு வருடச் சந்தோஷம் ஒரே மத்தியானத்தில் வந்தது. முதலாளி முன்னால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

காரணத்தையும் கையோடு காட்டினால்தான் ஆள் தப்பிக்க முடியாது என்று, சுருள்களை அளக்கும் மூன்று வயர்களும் வந்து சேரும் கனெக்டரைக் கழற்றினேன். இரண்டாவது வயரும் மூன்றாவது வயரும் இடம் மாறியிருந்தன.

முதல் சுருளுக்கு நேராகப் பல் நின்றால் மற்ற இரண்டு சுருள்களும் இருபுறமும் சம தூரத்தில் இருக்கும், இரண்டிலும் ஒரே அளவுதான் வரும். அப்போது வயர் மாறியிருந்தாலும் தெரியாது. அங்கிருந்து தள்ளி நின்றால் கணக்கு தலைகீழ். புரோகிராமில் ஒரு குறையும் இல்லை. வயர்களில் ஒட்டியிருந்த எண்கள் என் கையெழுத்து. வயரிங் படத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியேதான் இருந்தது. வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர், அதற்குக் கீழே தேதி.

இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. வயர்களை மாற்றிப் போட்டேன். அச்சை நாற்பது இடங்களில் திருப்பி வைத்தேன், நாற்பதும் சரி. கம்ப்யூட்டரில் இருந்த படத்தில் இரண்டு கோடுகளை இடம் மாற்றினேன், தேதியை அப்படியே விட்டேன். வயரிங் பிரிவுச் சுவரில் தொங்கிய பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். மஞ்சள் தாளைப் புது டேப் போட்டு ஒட்டினேன். மாமா பல் குத்திக்கொண்டே வந்து, எதையாவது தொட்டாயா என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன்.

வயரிங் பிரிவில் எட்டு வருடமாக வேலை செய்யும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். ஒரு வயர் மாற்றிப் போட்டாள் என்று யாரும் சொன்னதில்லை. அந்த வாரம் பழைய படத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நாற்காலிகளுக்கு அவள் வயர் போட்டு முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை, திருகுகளைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி, அப்பாவுக்கான நாற்காலியை மட்டும் சரி செய்தேன். மற்ற பதினொன்றும் கடைசிப் பரிசோதனையில் மாட்டும், மாற்றிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அப்பா ஏறினார். பாதிச் சரிவில் வேண்டுமென்றே நிறுத்தி எல்லோரையும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கிளப்பினார். ஒரு விரல்கடை பின்னால் போகாமல் நாற்காலி மேலே போனது. மேலே போய்ச் சேர்ந்ததும் அப்பா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமா ஐந்து வயதிலிருந்து ஆரம்பித்துப் பேசினார்.

திங்கட்கிழமை பதினொரு நாற்காலிகளும் பரிசோதனையில் மாட்டின. சூப்பர்வைசர் வயரிங் அக்காவைச் சோதனை அறைக்கே கூட்டி வந்தார். படத்தைப் பார்த்துத்தான் போட்டேன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். படத்தைக் கொண்டுவந்து விரித்தார்கள். படம் சரியாக இருந்தது. தேதி இரண்டு மாதத்துக்கு முந்தையது. அவள் குனிந்து அந்தக் கோடுகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

மாமா படத்தைப் பார்த்தார், நாற்காலியிலிருந்து கழற்றி வைத்த கனெக்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஆளுக்கு மூளை இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. பல் எங்கே நின்றது, ஆயிரமும் ஏன் சரியாக வந்தது, புதன்கிழமை ஏன் உதைத்தது என்று எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் கூட்டிக் கழித்துவிட்டார். அது முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தால் நான் ஒழிந்தேன் என்று நின்றேன். வாயைத் திறந்தார்.

“படம் சரியாத்தான் இருக்கு. வயர் போடுறவங்க கவனமாப் போடணும்.”

பிறகு நடையில் என் பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல், “தேதியை மாத்தாம விட்ட பாரு, அங்கதான் நீ நிக்கிற” என்றார். அவருடைய ஆயிரம் அவர் தலைக்கு மேலே பத்திரமாக இருந்தது.

அன்றிலிருந்து மாமா என்னை மரியாதையாக நடத்துகிறார். மேடையைத் தொடாதே என்று என்னிடம் சொல்வதில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எதற்கும் என் கருத்தைக் கேட்கிறார். உங்க சின்னப் பொண்ணு கெட்டிக்காரி என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பாவும் இப்போது நான் சொல்வதை ஒரு தடவையிலேயே கேட்டுக்கொள்கிறார். மாமாவின் ஏச்சைப் பன்னிரண்டு வருடம் தாங்கினேன். இந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வயரிங் அக்காவைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அட்டைப்பெட்டியில் நாடா ஒட்டுகிறாள். போன வாரம் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்ததும் பாட்டிலை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“உன் படத்துல ரெண்டும் மூணும் நான் போட்ட மாதிரித்தான்மா இருந்துச்சு. சத்தியமா அப்படித்தான் பாத்தேன். அப்புறம் எப்படி மாறி நிக்குது? என் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருக்கேன்.”

நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

“காட்டுங்கக்கா. ஒரு தடவை காட்டிடுறது நல்லதுதான்.”