ஸ்லிப் கேஜுக்கு வைத்த சந்தனப் பொட்டு

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் இருந்தபோது, நாவலூரில் ஒரு அபார்ட்மென்டில் நடந்த கராஜ் சேலில் ஆரம்பித்தது இது. வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்கள் கார் பார்க்கிங்கில் மிக்ஸி, சைக்கிள், சோபா எல்லாம் பரப்பி விற்பார்களே, அதுதான். எல்லோரும் சோபாவைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் மூலையில் கிடக்கிற இரும்பைத் தேடுவேன். பழைய வால்வு, பிரஷர் மீட்டர், கப்பி என்று தொழிற்சாலை சாமான் எதுவானாலும் சரி. துடைத்துப் படம் எடுத்து ஆன்லைனில் போட்டால், காபி ஷாப்காரர்கள் சுவரில் மாட்ட வாங்கிப் போவார்கள். தாம்பரத்தில் எங்கள் வீட்டு பால்கனியில் துணி காயப்போட இடம் இருக்காது. அதற்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் காயலான் கடை.

அன்றைக்கு ஒரு மரப்பெட்டியைத் திறந்தேன் பாருங்கள். உள்ளே வரிசை வரிசையாக பளபளவென்று சின்னச் சின்ன எஃகுக் கட்டைகள். ஸ்லிப் கேஜ்! மற்ற அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிப்பதற்கே உள்ள கருவி. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு வருஷம், மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் குவாலிட்டி ரூமில் தினமும் நான் புழங்கியது. பையன் பிறந்ததும் வேலையை விட்டேன். அதற்கப்புறம் பதினாலு வருஷமாக, "சும்மாதான் இருக்கீங்களா?" என்று என்னைக் கேட்காத ஆளே இல்லை.

விற்ற பெண்ணுக்கு, அது காலமாகிவிட்ட மாமனாருடையது என்பதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பேப்பர் வெயிட் என்று எழுதி ஒட்டியிருந்தாள். மனசு கேட்காமல் விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்குத்தான்க்கா இதோட அருமை தெரியுது, நீங்களே எடுத்துக்கோங்க" என்று முதலில் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டாள்.

இந்தக் கட்டைகள் இரண்டை ஒன்றோடு ஒன்று அழுத்தி நகர்த்தினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் நல்ல கட்டை. வீட்டில் ராத்திரிச் சமையலைக்கூட மறந்து உட்கார்ந்து பார்த்தேன், எண்பத்தேழும் ஒட்டின. ஈரக் கை பட்டாலே துருப்பிடிக்கும் ஜாதி என்பதால், ஒவ்வொன்றுக்கும் வாஸ்லின் தடவி மூடி வைத்தேன்.

படம் போட்ட இரண்டாம் நாளே மறைமலை நகரில் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் கூப்பிட்டார். விஜயதசமி காலையில் வந்து பார்க்கிறேன் என்றார். சுவரில் மாட்ட இல்லை, வேலைக்கு! என் தொழில் தெரிந்த ஒரு மனிதர் என்னைத் தேடி வருகிறார். இது நல்லபடியாக முடிந்தால், நான் எதையும் மறந்துவிடவில்லை என்று எனக்கே நிரூபணமாகிவிடும். அதை நினைத்து நினைத்து வீட்டுக்காரரிடம் பத்து தடவை சொல்லிவிட்டேன். அவருக்கும் உள்ளுக்குள் பெருமை வந்துவிட்டது போல. அதுதான் வினை.

ஆயுத பூஜையன்று நான் அடுப்படியில் சுண்டலோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டர், கத்தி, பையனின் புத்தகம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது அவர்தான். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தால், முதல் வரிசையில் இருந்த ஒன்பது சின்னக் கட்டைகளிலும் அழகாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பிசுபிசுன்னு அழுக்கா இருந்துச்சு. ஈரத்துணியால நல்லா துடைச்சுட்டுதான் வெச்சேன். ஒரு வரிசையிலேயே சந்தனம் தீர்ந்துடுச்சு" என்றார், என்னவோ சாதித்த மாதிரி.

பொட்டை வழித்தால் அடியில் பழுப்புக் கறை. அழுத்தி நகர்த்தினால் ஒட்டவில்லை. அய்யோ, பாவி மனுஷா! வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். கடைசியில் மெதுவாக, "வர்றவர் எல்லாத்தையுமா எடுத்துப் பார்க்கப் போறாரு? நல்லதை மட்டும் காட்டேன்" என்றார்.

பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் எனக்கும் அந்தச் சபலம் வந்தது. ஆனால் ஆறு வருஷத்தில் ஒரு கெட்ட பீஸுக்குக்கூட நான் நல்லது என்று கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் பட்டறைக்காரர் வந்து உட்கார்ந்ததும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்னாலேயே அந்த ஒன்பதையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இது போச்சு சார், மிச்சம் நல்லா இருக்கு என்றேன்.

அவர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொட்டு வெச்சது யாரு?" என்றார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். அவ்வளவுதான், அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"போன வருஷம் எங்க ஆப்பரேட்டரும் இதே வேலையைத்தான் பண்ணான். எங்க செட்டைக் கழுவிப் பொட்டு வெச்சுட்டான்! ஆனா அவன் பெரிய கட்டையா பார்த்து வெச்சான். சின்னதெல்லாம் நல்லா இருக்கு" என்றார். அவரிடம் கெட்டது என்னிடம் நன்றாக இருந்தது, என்னிடம் கெட்டது அவரிடம் நன்றாக இருந்தது. லேப்பில் கொடுத்து அளவைச் சரிபார்த்துக்கொள்கிறேன் என்று முழுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் ஒட்டிக் காட்டச் சொன்னார். இரண்டு கட்டையைத் துடைத்து, குறுக்கே வைத்து, அழுத்தித் திருப்பினேன். ஒட்டிக்கொண்டது. தலைகீழாகப் பிடித்தேன், விழவில்லை. அவர் கட்டையைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டதை முதலில் எடுத்துக் காட்டுகிற ஆள்தான் குவாலிட்டிக்கு வேண்டும், வாரத்தில் மூன்று நாள் வர முடியுமா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரர், "வருவாங்க சார்!" என்று சொல்லிவிட்டார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து வேலைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கராஜ் சேலும் உண்டு, துணையாக காயலான் கடை என்று பெயர் வைத்தவரும் வருகிறார். பட்டறையில் ஆயுத பூஜைக்குப் பெட்டியின் மூடியில் மட்டும்தான் பொட்டு, அதையும் நான்தான் வைக்கிறேன். வைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: அன்றைக்கு அந்த ஒன்பதையும் மறைத்திருந்தால் ஒரு பெட்டியை விற்றிருப்பேன், என் வேலை எனக்குத் திரும்பக் கிடைத்திருக்காது.